பிலோமினா அக்கா எடுக்க மறுத்த வீடியோ

பிலோமினா அக்கா இறந்துபோன செய்தி எனக்கு ஒரு வீடியோவாக வந்தது. நான் வேலை பார்க்கும் பள்ளி அலுவலகத்தில் மாற்றுச் சான்றிதழ் ஒன்றைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். மதுரையில் இருக்கும் என் மைத்துனர் அதை அனுப்பி, "உங்க மலையாமே, பாத்தீங்களா?" என்று ஒரு வரி எழுதியிருந்தார். காய்கறி ஏற்றும் பிக்கப் வண்டியின் பின்பக்கம், முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு மேல் விரித்த தார்ப்பாயில் ஒரு பெண் படுத்திருந்தார். வண்டி குலுங்கும்போதெல்லாம் அவர் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. யாரோ அதற்குச் சோகமான வயலின் இசை சேர்த்திருந்தார்கள். "ஆம்புலன்ஸ் இல்லாத மலையில் ஓர் உயிர். மனசாட்சி இருந்தால் பகிருங்கள்" என்று கீழே பெரிய எழுத்தில் ஓடியது.

யாரோ என்றுதான் முதலில் பார்த்தேன். மறுபடியும் பார்த்தபோது, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த மூக்குக்கண்ணாடி கண்ணில் பட்டது. உடனே அக்காவின் எண்ணுக்கு அழைத்தேன். ஓர் ஆண் குரல் எடுத்தது.

"அக்கா போயிட்டாங்க சார். பூம்பாறை வர்றதுக்குள்ளயே மூச்சு நின்னுருச்சு."

நான் போனைக் கீழே வைத்த பிறகும் அதே வீடியோ வெவ்வேறு ஆட்களிடமிருந்து வந்துகொண்டே இருந்தது. இனி எந்தக் காலத்திலும் எடுக்கமாட்டேன் என்று அக்கா ஊரையே பகைத்துக்கொண்டு மறுத்தது இப்படி ஒரு வீடியோவைத்தான். அவர் இறந்ததை நான் அதிலேயே தெரிந்துகொண்டேன். அவரை அறிந்த உங்களுக்காக, நடந்ததை நடந்தபடியே எழுதிவைக்கத் தோன்றுகிறது.

உங்களில் பலர் அவருடைய கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பீர்கள். கொடைக்கானலில் செண்பகனூர் சாலையோரத்தில், பேக்கரிக்கும் சலூனுக்கும் நடுவே இருந்த சின்ன பிரவுசிங் சென்டர். சாதிச் சான்றிதழ், ரேஷன் அட்டைத் திருத்தம், முதியோர் உதவித்தொகை எல்லாமே கம்ப்யூட்டருக்குள் போய்விட்ட பிறகு, மேல்மலை ஊர்களின் பாதி ஜனம் அந்தக் கடை வழியாகத்தான் அரசாங்கத்திடம் பேசியது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். அக்கா விரலைப் பிடித்து ரேகைக் கருவியில் அழுத்துவார். பூண்டு உரித்து உரித்துத் தேய்ந்த விரல்களைக் கருவி ஏற்காது. துடைத்து, ஊதி, மறுபடி வைப்பார். "கெடக்கு விடுங்க, டீ குடிச்சிட்டு வருவோம், அதுக்குள்ள ரேகை முளைச்சிரும்" என்பார். சிரிப்பு அடங்குவதற்குள் கருவி பச்சை விளக்கைக் காட்டிவிடும்.

அந்த வேலையைப் பற்றி அவருக்குப் பெருமை எதுவும் கிடையாது. ஒரு சந்தேகம்தான் இருந்தது. ஒருமுறை என்னிடம் சொன்னார்: "முன்னெல்லாம் மனுவோட திண்டுக்கல் போய் வரிசைல நிப்போம். நமக்கு முன்னால எத்தன பேரு, உள்ள எந்த ஆபீசரு இருக்காருன்னு தெரியும். இப்ப வரிசை இருக்கு தம்பி. கண்ணுக்குத்தான் தெரியல."

கண்ணுக்குத் தெரியாத அந்த வரிசையில் எங்கள் மலை எப்போதும் கடைசியில் நிற்கிறது என்பதைக் கண்டுகொண்ட பிறகுதான் அவர் செல்போனில் குழுவை ஆரம்பித்தார். ஊருக்கு இரண்டு பேர், பிறகு பத்துப் பேர், பிறகு யார் யாரென்றே தெரியாத கூட்டம். எனக்கு அதில் எழுதும் வேலை. அவர் சொல்வார், நான் சுருக்கமாக, யாரையும் புண்படுத்தாமல் எழுதிப் போடுவேன். ஆரம்ப நாட்களை நினைத்தால் இப்போது கனவு மாதிரி இருக்கிறது. மன்னவனூர்ப் பக்கம் குடிநீர்க் குழாய் உடைந்து தண்ணீர் சாலையில் ஓடுகிற படம் காலையில் வரும். மதியத்துக்குள் ஆள் வந்து சரிசெய்துவிட்டுப் போயிருப்பார்கள். மரம் விழுந்தால் அரைமணியில் ரம்பத்தோடு வண்டி நிற்கும். அதிகாரிகளே குழுவில் சேர்ந்து 'கவனிக்கிறோம்' என்று பதில் போட்டார்கள். ஒரு மனுவுக்காக மூன்று பஸ் மாறிய ஜனங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியாட்களுக்குப் புரியாது. அக்கா அந்த நாட்களில் நடக்கும்போதே சின்னப் பெண் மாதிரி நடப்பார்.

இனிச் சொல்லப்போவது, கிளாவரைக்குப் போகும் பாதையிலிருந்து பிரிந்து இறங்குகிற ஓர் ஊரைப் பற்றியது. அந்த ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. இன்றைக்கும் அந்தப் பெயரைப் போட்டுத் தேடினால் ஒரு பெண்ணின் முகம்தான் முதலில் வருகிறது. அவளைச் செல்வி என்று வைத்துக்கொள்வோம்.

மழைக்காலம். காப்பீட்டு அட்டைக்குப் பெயர் பதிவுசெய்ய அக்கா லேப்டாப்போடு அந்த ஊருக்குப் போயிருந்தார். அன்றைக்குச் செல்விக்குப் பிரசவ வலி வந்துவிட்டது. சாலை பெயர்ந்து கிடந்ததால் எந்த வண்டியும் ஊருக்குள் வரவில்லை. கம்பளியைக் கழியில் கட்டி அவளை அதில் கிடத்தி, ஆண்கள் தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமந்துகொண்டு மேட்டில் ஏறினார்கள். அக்கா கூடவே ஓடினார். ஒரு கையில் குடை, ஒரு கையில் போன். செல்வி கத்தினாள், புருஷனைத் திட்டினாள், தலையில் அடித்துக்கொண்டாள். எல்லாம் அந்த வீடியோவில் இருந்தது. மேலே பிரதான சாலையில் ஒரு ஜீப் கிடைத்தது. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

அன்று மாலையே அக்கா வீடியோவைக் குழுவில் போட்டார். மறுநாள் அது மாநிலம் முழுக்கப் போயிருந்தது. தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். பெரிய அதிகாரிகள் வந்து சாலையைப் பார்த்தார்கள். ஒரு வாரம் கழிவதற்குள் மேல்மலைக்கென்று ஓர் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. அந்த ஊர்ப் பிரிவில் அதற்குத் தகரக் கொட்டகையும் போட்டார்கள். ஜனங்கள் வண்டிக்கு மாலை போட்டு, தேங்காய் உடைத்து, பிலோமினா அக்காவுக்கும் சால்வை போர்த்தினார்கள். அந்தப் படத்தில் அவர் சிரிப்பதை இப்போதும் பார்க்கலாம். அப்படிச் சிரித்த வேறு படம் அவருக்கு இல்லை.

சில வாரங்களில் வேறொன்று நடந்தது. செல்வி புருஷனைத் திட்டும் இடத்தை மட்டும் வெட்டி, சினிமாக் காமெடி ஒலி சேர்த்து யாரோ சுற்றவிட்டார்கள். தெருவில் சிரித்தார்கள். அவள் புருஷன் வேலைக்குப் போன இடத்தில், "என்னப்பா, வீட்டுல இன்னைக்கும் பூசை உண்டா?" என்று கேட்டார்களாம். அவன் குடிக்கத் தொடங்கினான். செல்வி சந்தைக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

கேள்விப்பட்டதும் அக்கா என்னையும் அழைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார். செல்வி கோபப்பட்டிருந்தால் எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும். அவள் எங்களுக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டுத் தந்தாள். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். பிறகு குழந்தையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நீங்க நல்லதுக்குத்தான் போட்டீங்கக்கா. நான் ஒண்ணும் சொல்லல. ஆனா இவ வளந்து போன் பாப்பால்ல? அப்ப இது அதுல இருக்கும்ல?"

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து பல வாரம் கடையைக் கூடச் சரியாகத் திறக்காமல், அந்த வீடியோவை அழிப்பதற்காக அலைந்தார். தான் போட்டதை அழித்தார். மற்றவர்கள் போட்டதற்கெல்லாம் புகார் அனுப்பினார். 'உங்கள் புகாரைப் பரிசீலித்தோம், இது எங்கள் விதிகளுக்கு முரணாக இல்லை' என்று இயந்திரம் பதில் அனுப்பியது. ஓரிடத்தில் மறைந்தால் வேறோர் இடத்தில் முளைத்தது. ஒருநாள் கடைக்குள் நுழைந்தபோது திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "நம்ம வீட்டுப் பிள்ளைய நாமளே தெருவுல விட்டுட்டோம் தம்பி. இனி யாரு வீட்டுக்குள்ள எல்லாம் போகுதோ" என்றார். இனி ஒருவருடைய வேதனையை எடுத்துப் போடமாட்டேன் என்ற முடிவு அன்றைக்கு எடுத்ததாகத்தான் இருக்கவேண்டும்.

அந்த முடிவுக்குச் சோதனை சீக்கிரமே வந்தது. ஆம்புலன்ஸைப் பழுதுபார்க்க என்று கீழே கொண்டுபோனார்கள். வண்டி திரும்பவில்லை. தகரக் கொட்டகை காலியாக நிற்கும் படத்தை நாங்கள் குழுவில் போட்டோம். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதே நாளில் யாரோ ஏரிக்கரையில் காட்டெருமை நடக்கும் வீடியோ போட்டிருந்தார்கள். அதன் கீழே குழுவே திரண்டு நின்றது. இணையத்தில் மனுப் போட்டோம். 'கோரிக்கை ஏற்கெனவே நிறைவேற்றப்பட்டது' என்று சொல்லி மனுவை முடித்துவைத்தார்கள். மறுபடி போட்டோம். மறுபடி அதே பதில். பதில் வந்துவிட்டதால் மனு தீர்ந்துவிட்டதாகக் கணக்கு. கொட்டகைக்குள் ஆடுகள் படுக்கத் தொடங்கின.

அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்டோம். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர். அக்காவை நாற்காலியில் உட்காரவைத்துப் பேசினார். கோப்பை மேலே அனுப்பியிருப்பதாகவும், மேலே இருப்பவர்களுக்கு ஆயிரம் ஊர் என்றும் சொன்னார். பிறகு தயங்கித் தயங்கி, போன தடவை மாதிரி ஒரு வீடியோ இருந்தால் காட்டிப் பேச வசதியாக இருக்கும் என்றார். அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வெளியே வந்து படியில் நின்று அக்கா சொன்னதை இன்னும் மறக்கவில்லை. "காயத்தக் காட்டினாத்தான் நம்புவோம்ங்கிறாங்க. சரி, காட்டினோம். இப்ப அந்தக் காயம் பழசாப் போச்சாம். மாசாமாசம் புதுசா ஒண்ணு கொண்டாரணும்னா, ஊர்ல யாரப் போயி வெட்டச் சொல்றாங்க?"

தங்கராசுவின் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது அதன் பிறகுதான். தங்கராசு செல்வியின் ஊர்க்காரர். கேரட்டும் கோஸும் போடுகிறவர், சொந்தமாகப் பிக்கப் வண்டி வைத்திருப்பவர். அன்றைக்கு வண்டி ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போயிருந்தது. அக்காவும் நானும் அன்று தற்செயலாக அந்த ஊரில் இருந்தோம். ஆம்புலன்ஸுக்கு அழைத்தால் கீழேயிருந்து வரவேண்டும் என்றார்கள். பெரியவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்து, அந்தக் காலிக் கொட்டகையின் முன்னால் இறக்கிவைத்துக் காத்திருந்தோம். மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. அப்பாவின் மார்பைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்த தங்கராசு நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார்.

"எடுங்கக்கா."

அக்கா பெரியவரைப் பார்த்தார்.

"கொட்டாயும் தெரியிற மாதிரி எடுங்க. அப்பா பொழைக்கலேன்னாலும் ஊருக்கு வண்டியாவது வரட்டும்."

"வேணாம் தங்கராசு. அப்பா முழிச்சிருக்காரு. நம்மளப் பாக்குறாரு," என்றார் அக்கா.

பெரியவர் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார். என்ன கேட்டதோ, எவ்வளவு புரிந்ததோ. அக்கா போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கட்டிலின் பக்கத்தில் மண்டியிட்டு அவர் பாதங்களைத் தன் சால்வையால் சுற்றிப் பிடித்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் வந்தது, ஏற்றினார்கள், வழியில் இறந்துபோனார்.

அந்த மரணத்தைப் பற்றி நான் கவனமாக எழுதிப் போட்டேன். பெயர், வயது, எவ்வளவு நேரம் காத்திருந்தோம் என்ற விவரம், எல்லாம் இருந்தது. கூப்பிய கைகளின் படங்கள் கொஞ்சம் வந்தன. மறுநாள் அதுவும் அடங்கிவிட்டது. அதற்குப் பதிலாக ஒரு குரல்பதிவு சுற்றத் தொடங்கியது. பேசியவர் டவுனில் லாட்ஜ் நடத்துபவர், எங்கள் குழுவிலேயே இருந்தவர். பிலோமினா அம்மா அப்போது ஓடி ஓடி வீடியோ எடுத்தாரே, இப்போது ஏன் எடுக்கவில்லை, மேலேயிருந்து வாயை அடைத்துவிட்டார்களா, கேளுங்கள் மக்களே என்று நிதானமாக, அழகான தமிழில் பேசியிருந்தார். கேட்டவர்கள் பகிர்ந்தார்கள். செல்வியின் மானம் பெரிதா, ஊரின் உயிர் பெரிதா என்று ஒருவர் எழுதினார். யாரென்றே தெரியாத ஆட்கள் அக்காவின் மதத்தைத் திட்டினார்கள், கல்யாணம் செய்துகொள்ளாததைத் திட்டினார்கள். அந்தக் குழுவை ஆரம்பித்தவரே அவர்தான் என்பது அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

நான் பதில் எழுதலாம் என்றேன். அக்கா அந்தக் குரல்பதிவை முதலிலிருந்து கடைசிவரை கேட்டார். செல்வியின் பேரை இழுக்காமல் பதில் சொல்ல முடியாது, அதனால் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். குழுப் பொறுப்பை என் பெயருக்கு மாற்றினார். அடுத்த வாரம் ஒரு துணிப்பையில் வெள்ளைத்தாள்களைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

கையெழுத்து வாங்கப் போனார். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கிளாவரை என்று ஊர் ஊராக, வீடு வீடாக. விடுமுறை நாட்களில் நானும் போவேன். கையெழுத்துப் போட்டவர்கள் உண்டு. இந்தக் காலத்தில் கையெழுத்தையெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று சிரித்தவர்கள் உண்டு. "குரூப்புல போட்டுக்கிரலாம்லக்கா, எதுக்கு இந்தக் குளிர்ல அலையுறீங்க?" என்று பரிவோடு கேட்டவர்கள்தான் அதிகம். ஒரு வீட்டில் எங்களைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்கள். அந்த வீட்டுப் பெண்மணிக்கு விதவை உதவித்தொகை வாங்கிக் கொடுத்தவர் அக்கா. சாத்திய கதவின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

ஒரு சாயங்காலம் மன்னவனூரில் பஸ்ஸுக்காக நின்றோம். பனியில் எதிர்க்கடை தெரியவில்லை. அக்கா திடீரென்று அழத் தொடங்கினார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. சத்தம் இல்லாமல், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார்.

"தங்கராசு கேட்டது சரியோ தம்பி? நான் எடுத்திருந்தா இந்நேரம் வண்டி வந்திருக்குமோ?"

வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். வந்திருக்காது என்று பொய் சொல்லலாம் என்று நினைத்தேன், முடியவில்லை. செல்வியின் வீட்டை நினைத்துப் பார்த்தேன். கட்டிலில் கிடந்து எங்களைப் பார்த்த அந்தக் கண்களை நினைத்துப் பார்த்தேன். பஸ் வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறினார். கொடைக்கானல் வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார். அவருக்கு மார்பில் வலி இருந்ததா, அதைச் சொல்லாமல் மறைத்தாரா என்று இப்போது யோசிக்கிறேன்.

கடைசிப் பயணத்தில் நான் கூட இல்லை. பள்ளியில் தேர்வு நேரம். அந்த ஊரில் விட்டுப்போன சில வீடுகளில் கையெழுத்து வாங்கப் போனவர், தங்கராசுவின் வீட்டு வாசலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டிருக்கிறார். தண்ணீர் வருவதற்குள் சாய்ந்துவிட்டார். தங்கராசு யோசிக்கவே இல்லை. சந்தைக்கு மூட்டை ஏற்றி நின்ற வண்டியில் அவரைக் கிடத்தி, தம்பியை ஓட்டச் சொல்லிவிட்டு, தான் பின்னால் ஏறி அவர் தலையை மடியில் தாங்கிக்கொண்டார். அக்காவின் போனை எடுத்து எனக்குப் பதில் சொன்னது அவர்தான். வீடியோவை எடுத்ததும் அவர்தான்.

இதை அவரே என்னிடம் சொன்னார். செண்பகனூர்க் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் முடிந்து எல்லோரும் கலையும்போது என்னைத் தனியே அழைத்துப்போய்ச் சொன்னார்.

"அக்காவக் கேட்டேன் சார். 'எடுக்கவாக்கா'ன்னு கேட்டேன். என்னயப் பாத்தாங்க. தலைய ஆட்டுன மாதிரிதான் இருந்துச்சு."

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வண்டி குலுங்குச்சு சார். சரின்னு ஆட்டுனாங்களா, வேணாம்னு ஆட்டுனாங்களா, குலுங்குனதுல ஆடுச்சா, எனக்குத் தெரியல. நான் எடுத்துட்டேன்."

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அப்பாவைக் கொட்டகை முன்னால் பறிகொடுத்தவர். அக்காவைக் காப்பாற்ற மலையில் அன்று இருந்த ஒரே வண்டியை ஓட்டவைத்தவர். அவர் தோளில் கை வைத்தேன். அந்த வீடியோவை நான் மறுபடி பார்க்கவில்லை. பார்த்தால் அந்தத் தலையசைப்புக்கு ஓர் அர்த்தம் தேடுவேன். அது எனக்கு வேண்டாம்.

அடக்கத்துக்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர். அக்காவின் தங்கை குடும்பம், கோயில் பாட்டுக் குழுவினர், பேக்கரிக்காரர், சலூன்காரர், மேல்மலையிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள். குழுவிலோ அஞ்சலி குவிந்துகொண்டிருந்தது. மெழுகுவத்திப் படங்கள், பூக்கள், அழுகிற முகங்கள். லாட்ஜ்காரர் 'மலையின் வீரத்தாய்' என்று நீண்ட கவிதையே எழுதியிருந்தார். கதவைச் சாத்திய வீட்டுப் பெண்ணின் மகன் அதைப் பகிர்ந்திருந்தான். அவர்கள் நடிக்கவில்லை என்றே நினைக்கிறேன். அன்றைக்கு அழவும் அவர்களால் முடிந்தது, முந்திய மாதம் ஏசவும் முடிந்தது. இரண்டுக்கும் ஒரே விரல் போதுமாக இருந்தது.

செல்வியும் வந்திருந்தாள். நடக்கத் தொடங்கியிருந்த மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, முந்தானையால் முகத்தை மூடியபடி மதில் ஓரமாகவே நின்றாள். கிட்டே வரச் சொன்னேன். யாராவது படம் எடுப்பார்கள், வேண்டாம் என்றாள். எல்லோரும் போன பிறகு வந்து, குழந்தையின் கையில் மண்ணைக் கொடுத்துப் போடவைத்தாள். குழந்தை விளையாட்டு என்று நினைத்து இன்னும் ஒரு பிடி அள்ளியது. செல்வி தடுக்கவில்லை.

ஆம்புலன்ஸ் திரும்பி வந்துவிட்டது. உங்களுக்குத் தெரிந்திருக்கும், செய்தியில் காட்டினார்கள். வீடியோ பரவிய ஒரு சில நாட்களிலேயே வந்துவிட்டது. கொட்டகைக்குப் புதுச் சாயம் அடித்திருக்கிறார்கள். அக்கா சேர்த்த கையெழுத்துத் தாள்கள் என் வீட்டில்தான் இருக்கின்றன. அதை யாரும் கேட்கவில்லை. அந்த வண்டியில் போன வாரம் ஒரு பெண்ணைப் பிரசவத்துக்குக் கொண்டுபோனதாகச் சொன்னார்கள். சந்தோஷப்படவேண்டிய செய்தி. நானும் சந்தோஷப்பட்டுப் பார்த்தேன், முடியவில்லை. அக்கா உயிரோடு மாசக்கணக்கில் கேட்டும் தராததை, செத்து ஒரு நிமிஷக் காட்சியாக ஆனதும் தந்துவிட்டார்கள். இந்தக் கணக்கை எங்கள் மலை கற்றுக்கொண்டுவிட்டது. நாளைக்கு இன்னொரு கட்டில் சாலைக்கு வரும்போது, அதன் பக்கத்தில் மண்டியிட்டுப் பாதங்களைச் சுற்றிப் பிடிக்க யார் இருப்பார்கள்? எல்லோர் கையும் போனோடு மேலே தூக்கித்தான் இருக்கும்.

முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து வீட்டுக்குத் திரும்பியபோது ஒரு போன் வந்தது. தெரியாத எண். வேறொரு பள்ளத்துக்குள் இருக்கும் இன்னொரு ஊரிலிருந்து ஒரு பெண் பேசினார். பிலோமினா அக்கா இருந்த குழுவுக்கு நான்தான் பொறுப்பா என்று கேட்டார். அவர்கள் ஊரிலும் ரோடு இல்லை, வண்டி வராது என்று சொல்லிக்கொண்டே வந்தவர் கொஞ்சம் தயங்கினார்.

"எங்க ஊர்ல இன்னும் அப்பிடி யாரும் சாகல சார். வீடியோவும் ஒண்ணும் இல்ல. சும்மா கேட்டா குடுப்பாங்களா?"

கொடுக்கமாட்டார்கள் என்பதுதான் நான் அறிந்த உண்மை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வேறொன்று வந்தது.

"நாளைக்கு வெள்ளனே வந்துர்றேன். வீட்டுல இருங்க."

அது என் பேச்சு அல்ல. நான் கீழே கன்னிவாடிக்காரன், இங்கே வந்த பிறகும் புத்தகப் பேச்சுப் பேசுகிறவன். போனில் யார் அழைத்து எந்தக் கஷ்டத்தைச் சொன்னாலும் பிலோமினா அக்கா சொல்லும் பதில் அது. ஆகும் ஆகாது என்று முதலில் சொல்லமாட்டார். வருகிறேன் என்பார், வந்து நிற்பார். அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்த ஒரு வாக்கியம்தான். மறுநாள் முதல் பஸ்ஸில் போனேன். அந்தப் பெண் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.